மிச்சம் ஒன்று

சென்னைக்கும் மாயவரத்துக்கும் இடையே எங்கள் தொலைபேசிப் பேச்சு பல வருடங்களாக ஐந்தாறு கேள்விகளிலேயே நடந்துவந்தது. “சாப்டியா?” “ஆச்சு அத்தை.” “என்ன கொழம்பு?” “வத்தக்கொழம்பு.” “மழை உண்டா அங்க?” “தூறுது.” “புள்ளைங்க நல்லா படிக்குதுங்களா?” “படிக்கிறாங்க.” “சரி, உடம்பப் பாத்துக்க.” ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் இது நடக்கும். விசாரித்தாயிற்று என்ற நிறைவோடு இருவரும் வைத்துவிடுவோம். நினைவில் பாதி கரைந்துபோன ஒருவர் இந்த ஐந்தாறு கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டிவிடலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தை ஓட்டினார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர். கோடை விடுமுறையில் எங்களையெல்லாம் திண்ணையில் உட்காரவைத்துக் கூட்டலும் கழித்தலும் போடவைப்பார். மாங்காய் தின்னப் போகலாம், ஆனால் பத்துக் கணக்கு முடித்துவிட்டுத்தான். யாரையும் செல்லப்பெயரில் கூப்பிட மாட்டார். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் படிப்பதுபோல முழுப்பெயர், கடைசி எழுத்து வரை.

அந்த அத்தை என்னைத் “தம்பி” என்று கூப்பிடத் தொடங்கினார். பிறகு “ராசா”. என் மகளை “கண்ணு”. வயதானதும் மனுஷிக்கு அன்பு கனிந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் வாயிலிருந்து என் பெயர் வரவில்லை என்பது உறைக்கவே இல்லை. தமிழில் ஒருவர் பெயரைச் சொல்லாமலே ஆயுள் முழுக்க அவரோடு பேசிவிட முடியும். கணவன் பெயரைச் சொல்லாமல் ஐம்பது வருடம் குடித்தனம் நடத்திய பாட்டிகளின் மொழி இது. உறவுமுறைச் சொற்கள் ஆகிவந்த பழைய சத்திரம் மாதிரி, மறதி உள்ளே வந்து படுத்துக்கொண்டாலும் யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

சொற்கள் மட்டுமல்ல. “அதான் உனக்குத் தெரியுமே.” “யாரு, நம்ம அதுவா?” “அத ஏன் கேக்கற போ.” எந்தக் கேள்விக்கும் பொருந்தும் இந்த விடைகளை அத்தை மிக நேர்த்தியாகப் பயன்படுத்தினார். ஒருமுறை சீர்காழியில் நடந்த ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். “அதுக்கென்ன, ஜாம்ஜாம்னு நடந்துச்சு. சாப்பாடுதான் கொஞ்சம் காரம்” என்றார். அவர் அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. பொய் என்று அதைச் சொல்ல மாட்டேன். விழுந்துவிடாமல் இருக்க இருட்டில் சுவரைத் தடவுகிறவரின் கை அது.

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

2022 பொங்கலுக்குப் போயிருந்தபோது சமையலறை அலமாரியில் பிரிக்காத பெருங்காய டப்பா ஏழு இருந்தது. “அத்தை, பெருங்காய வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். “வெலை ஏறப்போவுதுன்னாங்க, வாங்கிப் போட்டேன்.” ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நாங்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒழித்துவைத்திருக்கிறார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு நாள் விருந்தாளிகளுக்கு இரண்டு நாள் பொறுக்கிற அளவுக்கு ஒரு வீட்டையும் ஒரு மனதையும் அடுக்கிவைக்கலாம். மூன்றாம் நாள் தங்கியிருந்தால் தெரிந்திருக்கும். லீவு இல்லை.

அந்தப் பொங்கலில்தான் கணக்கு நோட்டையும் பார்த்தேன். அத்தைக்குத் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கெழுதும் பழக்கம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கீழே சிவப்பு மையில் ரெட்டைக் கோடு, கையிருப்பு. சும்மா புரட்டினேன். அச்சில் வார்த்ததுபோன்ற அதே கையெழுத்து, அதே சுழி, அதே கொம்பு. “அத்தைக்குக் கை நடுக்கம்கூட இல்லை பாரேன்” என்று மனைவியிடம் காட்டினேன். நான் பார்த்தது எழுத்தை. மார்கழி மாதத்தில் ஒரே வாரத்துக்குள் கேஸ் சிலிண்டர் மூன்று முறை வாங்கப்பட்டிருந்தது. ஒரே நாளில் ‘கீரை 15’ நான்கு தரம். கார்த்திகையிலிருந்து எந்தப் பக்கத்திலும் ரெட்டைக் கோடு இல்லை, கூட்டுத்தொகை இல்லை. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததால் நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

கோலத்தில் தெரிந்திருக்குமே, புள்ளி குறைந்திருக்குமே என்று ஒரு எழுத்தாள நண்பர் கேட்டார். அத்தைக்குக் கோலம் போடவே வராது.

மாசி மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு, குடையும் பையுமாகத் தெருவில் நின்றிருக்கிறார். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டதாம். அக்கம்பக்கத்தார் பிடித்து உட்காரவைத்து எனக்குப் போன் செய்தார்கள். விடிவதற்குள் கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. ரத்தத்தில் சோடியம் 118. இருக்கவேண்டியது 135க்கும் 145க்கும் நடுவில். சோடியம் அந்த அளவுக்கு இறங்கினால் எந்த வயதிலும் புத்தி தடுமாறும். வயதானவர்களுக்குச் சீக்கிரம் தடுமாறும். வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் நான்கைந்து நாள் எடுத்து மெல்ல ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அத்தை நர்ஸ் பெண்ணிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து, அவள் எழுதிய சார்ட்டில் ஒரு ஒற்றுப்பிழையையும் காட்டினார். எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ‘சோடியம்’ ஒரு மந்திரம். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதா? சோடியமாக இருக்கும், ரசத்தில் கொஞ்சம் உப்பு கூடப் போடச் சொல். சாவியைத் தொலைத்தாரா? சோடியத்தைப் பார்க்கச் சொல். பெயர் தெரிந்த, அளக்கக்கூடிய, ஏற்றினால் ஏறுகிற ஒன்று கிடைத்துவிட்டதில் எங்களுக்கு இருந்த நிம்மதி சாதாரணமானது அல்ல. அந்த நிம்மதியில் ஒன்பது மாதம் போயிற்று.

சோடியம் ஏன் குறைந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. விடை தெருவிலேயே இருந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுத்துப்போகிற தன்னார்வலப் பெண் அத்தையின் தெருவுக்கும் வருவார். அவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: “டீச்சர் பதினஞ்சு நாள்லயே மாத்திரை தீந்துபோச்சும்பாங்க சார். எங்கயாவது வெச்சு மறந்திருப்பாங்கன்னு நெனச்சேன்.” வைத்து மறக்கவில்லை. போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கிறார். அது நீரைப் பிரித்து வெளியேற்றுகிற வகை மாத்திரை. அளவு கூடினால் சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆக, சோடியத்தால் மறதி வந்தது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் முழுக்க, மறதியால்தான் சோடியம் போயிருக்கிறது.

வயதானவர்களின் நிலையை அறிய உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு பட்டியலை 1969இல் லாட்டன், பிராடி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, பஸ்ஸிலோ வண்டியிலோ தனியாகப் போய்வருவது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது, பணத்தைக் கையாள்வது என்று எட்டு. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்றவை வேறொரு பட்டியல். மறதி நோயில் பெரும்பாலும் முதல் பட்டியல்தான் முதலில் சரியும், அதிலும் பணமும் மருந்தும் முன்னால். குளிப்பதும் உண்பதும் கடைசியில்தான் போகும். நம் வீடுகளிலோ நலம் விசாரிப்பது அந்தக் கடைசிப் பட்டியலை வைத்து. “குளிச்சு, சாமி கும்பிட்டு, நேரத்துக்குச் சாப்பிடறாங்க, தன் காரியத்தைத் தானே பாத்துக்கறாங்க.” இதற்குமேல் ஒரு சான்றிதழ் உண்டா? வீட்டில் பின்பக்கச் சுவர் விழுந்துகிடக்க, வாசல் கதவு உறுதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாயவரத்துக்காரர்களுக்கு ஐப்பசி முழுக்கத் துலா ஸ்நானம். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. காவிரித் துலாக் கட்டத்தில் அன்று கால்வைக்க இடம் இருக்காது. அதற்கும் வந்துசேர முடியாமல் போன ஒரு முடவனுக்காக இறைவன் ஒரு நாள் கூட்டிக்கொடுத்தான் என்று கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. அந்த வருடம் அத்தை கார்த்திகை ஐந்தாம் தேதி விடியற்காலையில் மாற்றுப்புடவையும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு கடைமுழுக்குக்குக் கிளம்பியிருக்கிறார். படித்துறையில் ஆள் இல்லை. கூட்டம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே நடந்தவர் மணிக்கூண்டு தாண்டி எங்கேயோ போய்விட்டார். பதினோரு மணிக்கு ஓர் ஆட்டோக்காரர் அடையாளம் கண்டு கூட்டிவந்தார். அவரும் அத்தையிடம் படித்தவர்தான். “டீச்சர், எங்க போவணும்னு கேட்டா, ‘நீ மூணாம் வகுப்பு முடிச்சியா இல்லியா’ன்னு கேக்கறாங்க சார்” என்றார், சிரிக்கவும் முடியாமல்.

முடவன் முழுக்குக்கும் நாலு நாள் பிந்தி நான் கிளம்பிப் போனேன்.

இந்தமுறை பத்து நாள் இருந்தேன். கீரைக்காரம்மா வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே நோட்டும் சில்லறையுமாக நானூற்றுச் சொச்சம். டீச்சரம்மா ஒரு கட்டுக்கு இரண்டுதரம், மூன்றுதரம் காசு கொடுத்துவிடுகிறார்களாம். வேண்டாம் என்றால் கோபம் வருகிறதாம். அதனால் வாங்கி, தனியே முடிந்துவைத்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். “போன மார்கழிலேர்ந்து.” ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை? “எப்படிங்க தம்பி சொல்றது? எனக்கே அனா ஆவன்னா சொல்லிக்குடுத்தவங்க. அவங்க கணக்கு தப்புன்னு நான் சொல்றதா?”

மாத்திரைப் பெண்ணுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது. கீரைக்காரம்மாவுக்கு ஒன்று. வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தில் ஒரே இடத்தில் இரண்டு கையெழுத்துப் போட்டார் என்று காசாளருக்குத் தெரிந்திருந்தது. மருந்துக்கடைப் பையனுக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, ஆளுக்கொரு துண்டு. எல்லோரும் மரியாதை காரணமாகச் சும்மா இருந்தார்கள். நான் அன்பு காரணமாக. என் காரணம் அவர்களுடையதைவிட மோசமானது. அத்தை தடுமாறுகிறார் என்று ஒப்புக்கொண்டால், எனக்கு மேலே உட்கார்ந்து என் கணக்கைத் திருத்த இனி ஆள் இல்லை என்றாகிவிடும். அதற்கு நான் தயாராக இல்லை. ஐம்பத்தைந்து வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்தியாவில் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு முதலில் வந்தது சென்னை அரசு பொது மருத்துவமனையில், 1978இல். ஆனாலும் நம் ஊர்களில் வயதானவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற அளவுக்கு மறதியைப் பார்ப்பதில்லை. சென்னைக்குக் கூட்டிவந்து காட்டினேன். தைராய்டு, பி12 எல்லாம் முதலில் பார்த்தார்கள். அவற்றாலும் மறதி வரும், அவை சரிசெய்யக்கூடியவை. அவை சரியாக இருந்தன. பிறகு டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அட்டைக் கடிகாரம் செய்து எத்தனையோ பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அத்தை. வட்டம் அப்பழுக்கில்லாமல் விழுந்தது. எண்கள் வலதுபக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு முள் பதினொன்றில், மற்றொன்று பத்தில். பத்து நிமிடம் என்றால் பெரிய முள் இரண்டுக்குப் போகவேண்டும் என்ற அந்த ஒரு படிதான் சோதனையே. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது சரியில்ல” என்றார். எங்கே சரியில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அவரைவிட அதிகக் கேள்வி எனக்குத்தான். “போன வருஷம் தானா செஞ்சு, இந்த வருஷம் செய்யாம விட்டது என்னென்ன?” என்று கேட்டார் டாக்டர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தையாவது வட்டத்தைச் சரியாக வரைந்தார்.

‘மறதி நோய்’ என்று எழுதித் தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் “அறளை பேர்ந்திட்டுது” என்பார்கள். அதில் ஒரு கேலி இருந்தாலும் ஏதோ இடம்பெயர்ந்துவிட்டது என்ற ஒப்புதலும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் “வயசானா அப்படித்தான்” என்று முடித்துவிடுகிறோம். வயதானால் அப்படித்தான் என்பது உண்மையும் அல்ல. 2023இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் வயதாகியும் அப்படியில்லை.

பெயரைப் பற்றி இன்னொன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டு, இளமையில் மடுவில் பாய்ந்து விளையாடியதை ஒரு கிழவர் தடியூன்றி நினைத்துக்கொள்வது. பாடியவர் பெயர் நமக்கு வந்துசேரவில்லை. பாட்டில் வரும் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயராயிற்று. அத்தையை எங்கள் ஊரில் எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்த கடைசி மனிதர்கள் அவருடைய அண்ணன் தம்பிகள், யாரும் இப்போது இல்லை. அவர் என் பெயரை மறந்ததைக் கணக்கெடுக்கிற நான் அவர் பெயரை எப்போது கடைசியாகச் சொன்னேன்?

குடும்பத்தில் கூடிப் பேசினோம். ஆண்கள் நிறைய யோசனை சொன்னார்கள். பெண்கள் பேசவில்லை, யார் தலையில் வந்து விடியும் என்று அவர்களுக்குத் தெரியும். வக்கீலாக இருக்கும் ஒரு சித்தப்பா மகன் 2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்தான். பிள்ளையில்லாதவரை ‘உறவினர்’ பராமரிக்கவேண்டும் என்கிறது அது. யார் உறவினர்? அவருடைய சொத்தை அனுபவிக்கிற, அல்லது அவருக்குப் பின் அது வந்துசேரப்போகிற வாரிசு. அந்த ஓட்டு வீட்டை மனதில் வைத்து எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீரைக்காரம்மா சட்டப்படி யாரும் இல்லை.

சென்னையிலேயே வைத்துக்கொண்டால் இருபது நாளில் இன்னும் குழம்பிப்போவார் என்று டாக்டர் சொன்னதால் ஊரிலேயே ஏற்பாடு. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் பகலிலும் ராத்திரியிலும் இருக்கிறார். நான் மாதத்தில் பத்து நாள் போய்விடுகிறேன், மெய்ப்பு எங்கிருந்தும் பார்க்கலாம். தீப்பிடிக்காது என்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொடுத்தது வீண். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதுதானே முதலில் போயிருப்பது? அதன்மேல் செய்தித்தாள் விரித்துக் காய் நறுக்கினார். பழைய கேஸ் அடுப்பே திரும்பி வந்தது, ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிடுகிறோம். மாத்திரை பூட்டிய பெட்டியில். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்ற அத்தையைச் சம்மதிக்கவைக்க மூன்று மாதம் ஆயிற்று. “என் கணக்க நான் பாத்துக்கறேன். நான் யாருகிட்டயும் கடன் வாங்கல” என்று அழுதார். அவரை நான் அதற்குமுன் அழுது பார்த்ததில்லை. அப்பா இறந்தபோதுகூட.

நோட்டை மட்டும் வாங்கவில்லை. ராத்திரி அவர் எதையாவது எழுதுவார். கீரை 15 பத்து தரம் இருக்கும். பக்கத்திலேயே நான் உண்மையான செலவை எழுதுவேன். போன வாரம் ஒருநாள் பால் 56, கீரை 15, காய் 143, மருந்து 312. கைபேசியைத் தேட அலுப்பாக இருந்தது. மனக்கணக்காகப் போட்டு 516 என்று எழுதி நோட்டை மூடப்போனேன். அத்தை கையை நீட்டி நோட்டை இழுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். விரல் பால், கீரை, காய், மருந்து என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது, உதடு அசைந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து 516ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அப்பழுக்கில்லாத வட்டம்.

“பதினாறுக்கு ஆறு போட்டுட்டு, மிச்சம் ஒன்ன விட்டுட்டியே.”

526 என்று திருத்தினேன். கீழே ரெட்டைக் கோடு போட்டார். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை உற்றுப் பார்த்தார்.

“கூட்டல் ஒனக்கு யாரு தம்பி சொல்லிக்குடுத்தது?”